அவன் ‘தெரியவில்லை’ என்று சொல்வது பொய் அல்ல

உங்கள் மகன் அழுக்கான ஜட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். திமிர் பிடித்த பிள்ளை எதையும் ஒளிக்காது. நடுக்கூடத்தில் போட்டுவிட்டுப் போகும். ஒளித்துவைப்பது வெட்கத்தில் கூனிப்போன பிள்ளை.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக உங்கள் கடிதத்தின் சுருக்கம்: பையனுக்கு 7 வயது. இரண்டரை வயதிலேயே கழிவறைக்குப் போகப் பழகிவிட்டான். கரூரில் கூட்டுக் குடும்பமாக இருந்த நீங்கள் கணவரின் வேலைக்காகத் திருப்பூருக்கு வந்தீர்கள். புது வீடு, புதுப் பள்ளி. வந்த மூன்றாம் மாதம் தங்கை பிறந்தாள். கடந்த 8 மாதங்களாக அநேகமாகத் தினமும் மாலையில் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மலம். வாரத்தில் இரண்டு மூன்று இரவு படுக்கையும் நனைகிறது. கேட்டால், ‘எனக்குத் தெரியவில்லை அம்மா’ என்கிறான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் மாமியார், ‘எல்லாம் திமிர்’ என்கிறார். கணவர் ஒருநாள் பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு மருத்துவர், ‘மனசு சம்பந்தப்பட்டது, தானாகச் சரியாகிவிடும்’ என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கடைசியில், ‘சில நாள் அவனைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, நான் நல்ல அம்மா இல்லையோ’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகள் மருத்துவப் பிரிவில் உளவியலாளராக 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. ஆனால் இந்தப் பிரச்சினையோடு வந்த பிள்ளைகளை எத்தனையோ பேர் என் அறைக்குத்தான் அனுப்பிவைத்திருக்கிறார்கள்; அவர்களில் பலரை நான் அதே நாளில் குழந்தை மருத்துவரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘மனசா, உடம்பா’ என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியே பிள்ளைகளை வருடக்கணக்கில் அலைக்கழிக்கிறது. மனசு என்று முடிவு செய்தவர்கள் குடலைப் பார்ப்பதில்லை. குடல் என்று முடிவு செய்தவர்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. உங்கள் மகனின் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. முடிச்சை அவிழ்க்கக் குடல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ‘நாலைந்து நாளுக்கு ஒரு தடவை போவான், போனால் கழிவறையே அடைத்துக்கொள்ளும்.’ நோயின் பெயர் அந்த வரியில் இருக்கிறது. அவனுக்கு இருப்பது மலச்சிக்கல். ‘தினமும் ஜட்டியில் போகிறவனுக்கு எப்படி மலச்சிக்கல்?’ என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள்.

சாதாரணமாக நம் மலக்குடல் காலியாகவே இருக்கும். மேலிருந்து மலம் இறங்கி வந்து அதன் சுவரை விரிக்கும்போதுதான் ‘போக வேண்டும்’ என்ற உணர்வு மூளைக்குப் போகிறது. ஏதோ ஒரு நாள் இறுகிப்போன மலம் வெளியேறும்போது வலித்திருக்கும். லேசாகக் கிழிந்துகூட இருக்கலாம். அடுத்த முறை உணர்வு வரும்போது பிள்ளை பயந்து இறுக்கிக்கொள்கிறது. உணர்வு சற்று நேரத்தில் அடங்கிவிடும், மலம் உள்ளேயே தங்கிவிடும். தங்கத் தங்கப் பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னும் பெரிதாகும், இன்னும் இறுகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். அவனுடைய பயத்தை அவன் உடம்பே நிரூபித்துக் காட்டுகிறது.

இப்படி மாதக்கணக்கில் நடந்தால் மலக்குடல் தொளதொளவென்று விரிந்துபோகிறது. எப்போதும் நிறைந்தே இருப்பதால் ‘நிறைந்திருக்கிறது’ என்ற செய்தியை அனுப்புவதை விட்டுவிடுகிறது. மேலிருந்து புதிதாக வரும் இளகிய மலம், அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றி வழிந்து, அவன் அறியாமலே வெளியே கசிகிறது. மாலையில் நீங்கள் பார்ப்பது அந்தக் கசிவைத்தான். இதைப் பேதி என்று நினைத்து வாழைக்காயும் பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்து அடைப்பை மேலும் இறுக்கிவிட்ட பெற்றோரை எனக்குத் தெரியும்.

மாமியாருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறதே, அந்தக் காலோடு நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால் தெரியுமா? திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அவன் மலக்குடல் மரத்துப்போயிருக்கிறது. ‘தெரியவில்லை’ என்று அவன் சொல்வது சத்தியம்.

‘சரி, நாற்றமாவது தெரியாதா? எனக்குச் சமையலறை வரைக்கும் வருகிறதே’ என்றும் எழுதியிருந்தீர்கள். தெரியாது. மீன் கடைக்காரருக்கு மீன் வாசனை தெரிவதில்லை. ஊதுவத்திக் கடைக்காரருக்கு ஊதுவத்தி தெரிவதில்லை. விடாமல் வரும் வாசனையை மூக்கு சில நிமிடங்களிலேயே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். அடுத்தவருக்கு அடிக்கும், அவனுக்கு அடிக்காது. பள்ளியில் இதனால்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறான் என்கிறீர்களே, அவன் அங்கே போவதற்கு முக்கவில்லை. போகாமல் இருப்பதற்காக முக்கிக்கொண்டிருக்கிறான். குதிகாலை ஊன்றிப் பிருஷ்டத்தை இறுக்குவது, கட்டில் விளிம்பைப் பிடித்து விறைத்து நிற்பது, சட்டென்று குந்தி உட்கார்ந்துகொள்வது எல்லாம் ஒரே வகைதான். இதைப் பார்த்து, ‘போகத்தானே தோன்றுகிறது, போயேன்’ என்று விரட்டுவது, தண்ணீரைப் பார்த்தாலே நடுங்குகிறவனைக் கிணற்றில் தள்ளுவது போன்றது.

இனி மனசுக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்தபோது அவன் அழவே இல்லை, அடம்பிடிக்கவில்லை, ‘பெரிய மனிதன் மாதிரி இருந்தான்’ என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நம் சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. வந்தால் அடக்கக் கூடாதவை: தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று போகும். அந்தப் பட்டியலில் சிறுநீர் இருக்கிறது, மலம் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது. யாரோ ஒரு பழைய வைத்தியர் மலத்தையும் கண்ணீரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்திருக்கிறார். தாத்தாவின் திண்ணை போனது, விளையாடிய பிள்ளைகள் போனார்கள், பள்ளி போனது, அம்மாவின் மடியும் போனது. ஆறு மாதத்துக்குள் இத்தனையும் போய், அவன் அழவில்லை. அழாததால்தான் மலம் அடைத்தது என்று நான் சொல்லவில்லை. உடம்பு அவ்வளவு எளிய கணக்குப் போடுவதில்லை. ஆனால் மனம் இறுகியிருக்கும் பிள்ளையின் உடம்பும் இறுகித்தான் இருக்கும். புது வீட்டின் கழிவறை பிடிக்காமல் ஒருநாள் அடக்கியிருப்பான், பள்ளியில் அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு வாரம் அடக்கியிருப்பான். மீதியைக் குடலே பார்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தங்கை கக்கா போனால் வீடு எப்படி இருக்கிறது? ‘என் தங்கம் போய்விட்டாளா’ என்று பாட்டி கொஞ்சுகிறார். போகாவிட்டால் எல்லாரும் கவலைப்படுகிறார்கள், போனால் நிம்மதிப் பெருமூச்சு. நீங்கள் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு முத்தம் கொடுக்கிறீர்கள். அதே வீட்டில், அதே பொருளுக்கு, இவனுக்குப் பெல்ட். ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியாமல் இருக்காது, நியாயம்தான் புரியாது. அவன் திட்டம் போட்டுப் பழிவாங்குகிறான் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு காலத்தில் மனோதத்துவப் புத்தகங்கள் அப்படித்தான் எழுதின: கண்டிப்பான தாய், பழிவாங்கும் பிள்ளை என்று. இந்தப் பிரச்சினைக்கு ‘என்கோப்ரெசிஸ்’ என்ற பெயர் 1926இல் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே காலம் போனது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. என் அனுபவத்தில், கசிவு நின்ற பிறகு பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கோபமும் பிடிவாதமும் ஒதுங்கிப்போவதும் தாமாகவே குறைந்திருக்கின்றன. அதாவது நாம் காரணம் என்று நினைத்ததில் பெரும்பகுதி விளைவாக இருந்திருக்கிறது. நாளெல்லாம் தன் உடம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை வேறெப்படி இருக்கும்?

படுக்கை நனைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நிறைந்து விரிந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அதற்கு விரிய இடம் இல்லை. குடல் காலியானதும் இரவு நனைவதும் குறைவதைப் பல பிள்ளைகளிடம் பார்க்கலாம். இரவில் நனைப்பது தன்னளவில் பெரிய அதிசயமும் இல்லை. 5 வயதில் 100க்கு 15 பிள்ளைகள் நனைக்கிறார்கள், பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். உங்கள் கணவரின் அம்மாவிடம் மெதுவாக விசாரித்துப் பாருங்கள், சுவாரசியமான பதில் கிடைக்கலாம். ஆனால் 6 மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி தொடங்கினால் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தச் சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும். அடங்காத தாகம், எடை குறைவது, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை சேர்ந்திருந்தால் அன்றே. குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

முதலில் ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்; பழையவரிடம் நம்பிக்கை இல்லாவிட்டால் வேறொருவரை. போகும்போது ஒரு தாளில் இரண்டு வாரக் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது போனான், எப்படி இருந்தது, எப்போது கசிந்தது. மலத்தின் தன்மையைச் சொல்லத் தயங்க வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட அட்டவணை ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது; மலத்தை 7 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆட்டுப்புழுக்கை போலத் தனித்தனிக் கட்டியாக இருந்தால் 1ஆம் வகை, வெறும் தண்ணீராக இருந்தால் 7. உரித்த வாழைப்பழம் போல வழவழப்பாக வருவது 4. அதுதான் நமக்கு வேண்டும். அவனிடமே, ‘இன்று எத்தனையாம் நம்பர்?’ என்று கேட்கலாம். எண்ணாகச் சொல்லும்போது வெட்கம் பாதி போய்விடுகிறது.

மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டியவை சில உண்டு: பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் மலம் போகவில்லை என்றால், எடை ஏறவில்லை என்றால், வயிறு உப்பி வாந்தி வந்தால், காலில் பலவீனம் தெரிந்தால், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருந்தால். இவை இருந்தால் கதை வேறு.

சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் அடைத்திருப்பதை வெளியேற்றுவது. இப்போது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கலந்து சில நாள் அதிக அளவில் கொடுப்பார்கள். மேக்ரோகோல் என்றாலும் அதுதான். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த நாட்களில் கசிவு குறையாது, கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாத பெற்றோர், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பள்ளி விடுமுறையாகப் பார்த்துத் தொடங்குங்கள். அவனிடமும், ‘உள்ளே பழையது நிறையத் தங்கிவிட்டது, இந்த வாரம் எல்லாம் வெளியே வரும், ஜட்டி நனைந்தால் பரவாயில்லை’ என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கட்டத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். விரிந்துபோன குடல் பழைய நிலைக்குச் சுருங்கவும் உணர்வு திரும்பவும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை குறைந்த அளவில் மருந்து தொடர வேண்டும். இரண்டு வாரம் சுத்தமாக இருந்ததும், ‘மருந்து பழகிவிடும், போதும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இந்த மருந்து குடலைச் சோம்பேறியாக்குவதில்லை. ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை, மலத்தில் நீரைப் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. நிறுத்துவதையும் மருத்துவர் சொல்படி, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நடுவில் காய்ச்சல், ஊர்ப் பயணம், கல்யாண வீடு என்று வரும்போது பின்னடைவு வரும். வந்தால் மீண்டும் முதலிலிருந்து, அவ்வளவுதான்.

மாமியார் வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கலாம் என்கிறாராம். வேண்டவே வேண்டாம். சோப்புத் துண்டும் வேண்டாம், மாதம் ஒருமுறை விளக்கெண்ணெயும் வேண்டாம். அவருடைய காலத்தில் அதுதான் இருந்தது, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இவனுடைய பயமெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் குவிந்திருக்கிறது. நாலு பேர் கையைக் காலைப் பிடிக்க, அங்கே எதையாவது வைத்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அவன் கழிவறைப் பக்கமே போக மாட்டான். இனிமாகூட மருத்துவர் வேறு வழியில்லை என்று சொன்னால் மட்டுமே.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் குறையுங்கள். தண்ணீர், கொய்யா, பப்பாளி, கீரை, சுண்டல், ஊறவைத்த உலர்திராட்சை நல்லவை. ஆனால் எட்டு மாத அடைப்பைக் கீரையால் கரைக்க முடியாது. ‘காய் சாப்பிடாததால்தான் உனக்கு இப்படி’ என்று சாப்பாட்டுத் தட்டையும் போர்க்களமாக்கிவிடாதீர்கள்.

உட்காருவதுதான் பயிற்சி. சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையும். எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு அது. அதனால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், 5 முதல் 10 நிமிடம் உட்காரவைக்க வேண்டும். காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது இட்லியை வாயில் திணித்துக்கொண்டு ஓடும் வீட்டில் இது நடக்காது; மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கும்: அவன் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாமல் இடுப்புத் தசை தளராது. கரூர் வீட்டில் குந்தி உட்கார்ந்து பழகியவனுக்கு இது பெரிய மாற்றம். காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகையோ சின்ன ஸ்டூலோ வையுங்கள். முட்டி இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். கையில் ஒரு பலூனைக் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு அழுந்தும், கீழே தளரும். ‘முக்கு, முக்கு’ என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பாராட்ட வேண்டியது உட்கார்ந்ததை. மலம் வந்ததா வரவில்லையா என்பது பாராட்டுக்குள் வரக் கூடாது. ஜட்டி சுத்தமாக இருந்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஒரு தந்தை சொன்னார். அந்தப் பிள்ளை அதன் பிறகுதான் ஜட்டியை ஜன்னல் வழியாக எறியத் தொடங்கியது. தன் கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு வைத்தால் பிள்ளை ஏமாற்றக் கற்றுக்கொள்ளும். தினசரிக் காலண்டரில் உட்கார்ந்த வேளைக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினால் போதும்.

கசிந்திருப்பது தெரிந்தால் என்ன சொல்வது? ஒரே வாக்கியம், ஒரே குரல், தினமும்: ‘ஜட்டி மாற்ற வேண்டும்போல் இருக்கிறது, வா.’ அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ‘சீ’ வேண்டாம், மூக்கைப் பொத்த வேண்டாம், ‘தங்கைக்குக் கட்டுகிற மாதிரி உனக்கும் டயப்பர் கட்டிவிடுவேன்’ வேண்டவே வேண்டாம். குளியலறையில் மூடி போட்ட வாளி ஒன்றும் சுத்தமான ஜட்டிகள் நான்கும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அழுக்கானதை அவனே வாளியில் போடட்டும், தன்னைக் கழுவிக்கொள்ளட்டும். அது தண்டனை அல்ல, ஏழு வயதின் பொறுப்பு. துவைப்பது நீங்களோ கணவரோ. அண்டை வீட்டார் பார்க்க வாசல் குழாயடியில் உட்கார்ந்து துவைக்கவைப்பதைப் பல வீடுகளில் செய்கிறார்கள். அது வேறு, அது அவமானப்படுத்துவது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மைக்கேல் வைட் என்ற குடும்ப ஆலோசகர் 1980களில் இதே பிரச்சினை உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தபோது ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பிரச்சினையைப் பிள்ளையிடமிருந்து பிரித்து, அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். ‘பதுங்கி வரும் கக்கா’ என்று தமிழில் சொல்லலாம். அது எப்போது வரும், யாரை ஏமாற்றும், குடும்பத்தில் யார் யாருக்கு இடையே சண்டை மூட்டும், நீ அதை எப்போதாவது ஏமாற்றியிருக்கிறாயா என்று பிள்ளையோடு உட்கார்ந்து உளவு பார்ப்பார்கள். கேட்டால் விளையாட்டாகத் தோன்றும். என்னிடம் வந்த ஒரு பையன் அதற்குத் ‘திருட்டுப் பூனை’ என்று பெயர் வைத்து, மீசையோடு படம் வரைந்தான். ‘நீ ஏன் இப்படிச் செய்கிறாய்’ என்ற கேள்வி அந்த வீட்டில் அன்றோடு நின்றது. ‘பூனை இன்று வந்ததா’ என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். பூனை வேறு, தான் வேறு என்று ஆனபின் பொய் சொல்ல அவனுக்குத் தேவையே இல்லை.

பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்கப்போவதில்லை. அடி இந்த நோயை வளர்க்கும். பயந்த உடம்பு இறுகும், இறுகினால் அடைக்கும், அடைத்தால் கசியும். நீங்கள் கணவரிடம் வாதாடி வெல்ல முடியாது என்று தோன்றினால், அடுத்த முறை மருத்துவரிடம் அவரையே பிள்ளையை அழைத்துப்போகச் சொல்லுங்கள். குடலின் படத்தை வரைந்து காட்டும்படி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ‘இத்தனை நாள் ஒன்றும் தெரியாதவனைப் போட்டு அடித்துவிட்டேனே’ என்று நடைபாதையில் அழுத தந்தையரைப் பார்த்திருக்கிறேன். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. கேட்டால் பிள்ளை கெட்டுப்போகாது.

பள்ளிக்கு நீங்களே நேரில் போங்கள், அவன் இல்லாத நேரமாக. வகுப்பாசிரியரிடம், ‘குடல் பிரச்சினைக்குச் சிகிச்சையில் இருக்கிறான்’ என்று சொன்னால் போதும். மருத்துவர் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. கேட்க வேண்டியவை மூன்று: கையைத் தூக்கி எல்லார் முன்னாலும் அனுமதி கேட்காமல் எழுந்து போக ஒரு சைகை, முடிந்தால் ஆசிரியர்களின் கழிவறை, பையில் ஒரு மாற்று உடை. அதற்கு முன் அவனிடம் பள்ளிக் கழிவறை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெரிய பையன்கள் எட்டிப் பார்க்கிறார்களா? பல பிள்ளைகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் யாராவது கேலி செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

உளவியலாளரிடம் எப்போது போக வேண்டும்? குடல் சிகிச்சை ஒழுங்காகத் தொடங்கிய பிறகும் அவன் கழிவறையைக் கண்டாலே அலறினால், தூங்காமல் சாப்பிடாமல் சுருண்டுகொண்டால், பள்ளிக்குப் போகவே மறுத்தால் போகலாம். மலச்சிக்கலே இல்லாத பிள்ளை வேண்டுமென்றே மூலைகளில் போய்வைப்பதும் சுவரில் பூசுவதும் வேறு வகை. அதற்குத் தாமதிக்கக் கூடாது. ஓரிடத்தில் நிலைகொள்ளாத, கவனம் சிதறும் பிள்ளைகளிடமும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் இந்தப் பிரச்சினை கூடுதலாக வரும்; அந்தச் சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜட்டியில் கசிவதை மட்டும் வைத்து யாரோ பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்ட முடியாது; பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் நடந்திருக்காது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒடுங்குவது, அந்த இடத்தில் காயமோ ரத்தமோ இருப்பது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, திடீரென்று வேறு ஆளாக மாறிவிடுவது ஆகியவை சேர்ந்து இருந்தால் காது கொடுங்கள். திரும்பத் திரும்பக் குடைந்து விசாரிக்காதீர்கள், அவன் சொல்வதை நம்புங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

கடைசியில் உங்கள் கேள்வி. எரிச்சல் வருவதால் நீங்கள் கெட்ட அம்மா ஆகிவிடவில்லை. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்து, பகலில் இருமடங்கு துணி அலசி, அதற்கு மேல் ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அருவருப்பு என்பது உடம்பின் அனிச்சைச் செயல், அன்பின் அளவுகோல் அல்ல. துவைக்கும் வேலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணவருடையது என்று கறாராகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் கால் மணி நேரம், குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, இவனோடு மட்டும் இருங்கள். பாடமும் வேண்டாம், கக்காப் பேச்சும் வேண்டாம். கேரம் ஆடுங்கள், மொட்டைமாடிக்குப் போங்கள், கரூர் தாத்தாவுக்கு இரண்டு பேருமாகத் தொலைபேசியில் பேசுங்கள். தாத்தாவோடு பேசும்போது அவன் அழுதால் அழட்டும், போனைப் பிடுங்க வேண்டாம். உங்களுக்கே தாங்க முடியாமல் போகும் நாளில் 14416க்கு அழைக்கலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

அந்தப் பீரோவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று கிடக்கும். நாளைக்கு அவன் பள்ளிக்குப் போன பிறகு எடுத்து அலசி, மடித்து, அவன் அலமாரியில் வைத்துவிடுங்கள். கண்டுபிடித்ததாக அவனிடம் சொல்ல வேண்டாம். மாலையில் வந்ததும் புது வாளி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.